ஓரகத்தியிடமிருந்து எடுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள்

என் நாற்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் ஓய்வெடுத்ததில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத் திட்டம் போட்டு, ஒருத்தியைப் பழிவாங்குவதற்காகச் செய்தேன்.

பூனாவில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலை ஆசிரியைகள் அறையில் எல்லோரும் முந்தின நாளைப் பற்றிப் பேசுவார்கள். முக்கால்வாசிப் பேர் என் வயதுக்காரிகள். ஒருத்தி கணவரோடு சிங்ககட் கோட்டை ஏறிவிட்டு வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி வாரத் துணி முழுவதையும் துவைத்து இஸ்திரி போட்ட கதையைச் சொல்வாள். இன்னொருத்தி நாற்பத்து மூன்று வயதில் ஹார்மோனியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். என் முறை வரும்போது "சமைத்தேன்" என்பேன். "வாராவாரம் அத்தனை பேருக்கா? உனக்கென்ன பைத்தியமா?" என்று சிரிப்பார்கள். காரணத்தை அவர்களிடம் நான் சொன்னதில்லை.

என் கணவரும் அவருடைய அண்ணனும் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவர்கள் அப்பா காலத்திலேயே பூனாவுக்கு வந்து ஊன்றிவிட்டவர்கள். அண்ணனுடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வீடு கட்கியில் குவார்ட்டர்ஸ். எங்கள் வாடகை வீடு அங்கிருந்து இரண்டு தெரு. ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் முழுவதும் அவள் வீட்டில் கூட வேண்டும். நாத்தனார் தன் கணவர், பிள்ளைகளோடு காலையிலேயே வந்துவிடுவாள். எட்டு மணிக்கு நான் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

அக்கா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் வேலை சொல்வாள். "நீ போய் மட்டன் வாங்கிகினு வா. நீ அந்த ஃபேனைக் கழட்டித் தொடச்சி வையி. சின்னவளே, காந்தா உரிச்சியா இல்லியா?" காந்தா என்றால் வெங்காயம். பூனாவில் எங்கள் வீடுகளில் வெங்காயம் என்ற சொல்லே மறந்துபோயிருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சோற்றைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். ஏழெட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதற்காக ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்று தோன்றியதில்லை. குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளைப் பெண் பார்க்க சிஞ்ச்வடிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இருபத்தைந்து பேருக்குச் சமையல். நான் விடிவதற்கு முன்பே போய்விட்டேன். அப்போது எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து டெலிபோன் அக்கா வீட்டில்தான். காலையில் மணி அடித்ததும், அக்கா எடுத்து மெதுவாகப் பேசியதும் அடுப்படிவரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வழி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், போனார்கள். நான் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தபோது மணி மூன்றரை. அப்போது அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஊர்லேர்ந்து போன் வந்திச்சு. உங்கப்பாவுக்கு ரொம்ப முடியலயாம். ஒன்னப் பாக்கணும்னு கேட்டுகினே இருக்காராம்."

"எப்ப வந்துச்சு?"

"இப்பதான்."

அடுத்த வண்டி ராத்திரியில்தான் இருந்தது. மறுநாள் சாயங்காலம் நான் ஊரில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அப்பா போய்விட்டார். எனக்காகத் திங்கட்கிழமை நடுப்பகல்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். அப்பாவின் கட்டில் மட்டும் வாசலில் கழுவிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

காரியம் முடிந்த அன்று என் தம்பி கேட்டான். "ஏன்க்கா, காலையில ஒம்பது மணிக்கே பூத்ல நின்னு போன் பண்ணேனே. மத்தியான வண்டியப் புடிச்சிருந்தா திங்கக்கெழம காலையில வந்திருப்பியே. அப்பா மொகத்தப் பாத்திருக்கலாமே?"

ஒன்பது மணிக்கு நான் இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தேன்.

பூனாவுக்குத் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "சொல்லியிருந்தா நீ போயிருப்ப. அங்க சமையல் அப்படியே நின்னிருக்கும். பொண்ணு விஷயமாச்சே. விட்டுடு, பெரியவங்க" என்றார். அதற்குப் பிறகு அவரோடு அதைப் பேசவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். என்ன செய்யலாம் என்று யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது.

சண்டை போட்டால் இரண்டு வாரம் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அக்காவுக்கு எது இல்லாவிட்டால் உயிர் போகும் என்று பார்த்தேன். நகையா, புடவையா, எதிலும் அவளுக்குப் பெரிய ஆசை கிடையாது. கூடத்து நாற்காலியும் அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேரும்தான் அவளுக்கு எல்லாம். திங்கள் முதல் சனிவரை அவள் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தாள். அதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருஷம் கழித்து நிக்டியில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனோம். அப்போது எனக்கு நாற்பது. கட்கி தூரமாகிவிட்டதால் வாராவாரம் வர முடியாது என்று சொல்ல எனக்கு நல்ல காரணம் கிடைத்தது.

முதலில் அக்காவின் மகளையும் மருமகனையும் எடுத்தேன். அன்றைக்கு வந்து பார்த்துவிட்டுப் போன அதே மாப்பிள்ளைதான். சிஞ்ச்வடில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே பிறந்து வளர்ந்த பையன், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவான். அவர்களுக்கு நிக்டிதான் பக்கம். "ஒரு வாரம் இங்க வாங்க, அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போங்க" என்றேன். எங்கள் ஊர் பிரியாணியும், நிறைய எண்ணெய் விட்டு வதக்கின கத்தரிக்காயும் செய்தேன். அவன் நன்றாகச் சாப்பிட்டான். ஆனால் சாப்பாட்டால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது என்பது அன்று மத்தியானம்தான் புரிந்தது. சாப்பிட்டுவிட்டு அவன் சுவரில் சாய்ந்தான், கண் சொக்கியது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அத்தே, ஏதாவது காம் இருக்கா? பஜார் போணுமா?" என்றான்.

"ஒரு வேலையும் இல்ல. படுங்க மாப்ள."

உள்ளறையில் மெத்தையை விரித்து, திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினேன். ஐந்து மணிக்கு எழுந்து வந்தவன் முகத்தைப் பார்த்தேன். அக்கா வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. "அத்தே, இங்க ஷாந்தி இருக்கு" என்றான்.

அதுதான் எனக்குக் கிடைத்த ஆயுதம். ஆறு நாள் மெஷின் சத்தத்திலும், லோக்கல் ரயில் நெரிசலிலும் கிடக்கிறவர்களுக்கு, அதுவும் முப்பத்தைந்து நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, ஏழாம் நாள் வேண்டியது ஊர் சுற்றலோ கோவிலோ அல்ல. யாரும் ஒன்றும் கேட்காமல், வயிறு நிறைந்து, இருட்டறையில் இரண்டு மணிநேரம் கிடந்தால் போதும். அக்காவின் ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் இருந்தது, தூக்கம் மட்டும் கிடையாது. நான் நான்கு மெத்தை, ஆறு தலையணை தைக்கக் கொடுத்தேன். குழந்தைகளை மொட்டை மாடிக்கு ஓட்டிவிடுவேன். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கி வைப்பேன்.

அடுத்து நாத்தனார் குடும்பம். நாத்தனாருக்கு இடுப்புவலி. அக்கா வீட்டில் அவள் கீழே உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். என் வீட்டில் அவளுக்குக் கட்டிலைக் கொடுத்து, முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்தேன். மூன்றாம் வாரம் அவளே போன் செய்து, "அண்ணி, நாங்க இந்த ஞாயித்துக்கெழமயும் அங்கியே வந்துடறோம். கட்கி வீட்டுல ஒண்ணும் சொல்லிக்காத" என்றாள். நான் சொல்லவில்லை. அவர்கள் வருகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியும்படி, சாப்பாட்டு நேரம் பார்த்து நானே அக்காவுக்கு ஏதாவது சாக்கில் போன் செய்வேன். பின்னால் எல்லோருடைய குரலும் கேட்கும். அது தற்செயல் என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் நல்ல மனசு.

மூன்று வருஷத்தில் கட்கி வீட்டில் அக்காவும் அவள் கணவரும் மட்டும் மிஞ்சினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்தார். ஒரு பை கொய்யாப்பழத்தோடு, லோக்கலைப் பிடித்து, தனியாக. "அவளுக்கு முட்டி வலி" என்றார். சாப்பிட்டார், படுத்தார். இரண்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. அக்கா.

"அவரு அங்க வந்தாரா?"

"வந்திருக்காரு அக்கா. தூங்கறாரு. எழுப்பட்டுமா?"

"சாப்டாரா?"

"ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்டாரு."

டெலிபோனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தனியாக நின்று சிரித்தேன். நான் நல்லவள் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சிரிப்பைப்போல ஒரு சுகம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

அதற்கு அடுத்த மாதம், கூப்பிடாமலே, அக்கா வந்தாள். மாடிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை, நேராக அடுப்படிக்கு வந்து, "இன்னா செய்யணும் சொல்லு" என்றாள். வெங்காயக் கூடையை முன்னால் வைத்தேன். உரித்தாள். எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினேன். அக்காவைக் கூப்பிடவில்லை. அவர்கள் எழுந்து போய்ப் படுத்த பிறகு, பாத்திரத்தைச் சுரண்டி, அடியில் பிடித்த சோற்றை ஒரு தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு போன் காலையில ஒம்பது மணிக்கு வந்துச்சு, அக்கா" என்றேன்.

"ஆமா" என்றாள். குரல் மாறவே இல்லை. "நீ போயிருந்தா எம்பொண்ணு கல்யாணம் நின்னிருக்கும். உங்கப்பா இன்னும் ரெண்டு நாளு இருப்பாருன்னு நெனச்சேன். இருக்கல. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்."

"நீ போயிருப்ப" என்றாள். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் பல வருஷமாக மனதுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்த பேச்சில், அவள் அழுவாள், காலைப் பிடிப்பாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. இருந்தாலும் அவள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். அது எனக்குப் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

போதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். இனி நான் நிறுத்தினால் எல்லோரும் மறுபடி கட்கிக்குப் போய்விடுவார்கள், அவள் மறுபடி அந்த நாற்காலியில் உட்காருவாள். அதனால் நிறுத்தவே முடியவில்லை. ஒருமுறை கணவர், "ஒரு ஞாயித்துக்கெழம லோனாவ்லா போயிட்டு வரலாமா? மழை பெய்யுது" என்றார். முடியாது என்றேன். காய்ச்சலோடு சமைத்திருக்கிறேன். பல் பிடுங்கிய மறுநாள் சமைத்திருக்கிறேன். என் ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் பதினேழு பேர். ஹார்மோனியம் கற்றுக்கொண்டவள் அதற்குள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி வாசித்துவிட்டாள். நான் கைதட்டினேன்.

மூத்தார், அதாவது அக்காவின் கணவர், ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை விட்டு கட்கியிலேயே வாடகை வீட்டில் சில வருஷம் இருந்த பிறகு, அவர்கள் பூனாவைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா, "இனிமே ஒனக்கு ஞாயித்துக்கெழம ச்சுட்டிதான்" என்றாள். ச்சுட்டி என்றால் லீவு. குத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் எல்லோருக்கும் போன் செய்து, இனி சமையல் இல்லை என்று சொல்லிவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், "அத்தே, அப்ப நாங்க எங்க தூங்கறது?" என்றான். உன் வீட்டில் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கணவர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"எங்க போற?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப மத்தியானச் சாப்பாடு?"

"அரிசி டப்பா மேல்தட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த ஆகுர்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், கையில் பை எதுவும் இல்லாமல், முதலில் எந்தப் பக்கத்து வண்டி வருகிறதோ அதில் ஏறுவதென்று பிளாட்பாரத்தில் நின்றேன்.