கண்ணாடித் தொட்டியில் ஏரி மண்

கழிவுநீர்த் தொட்டிக்குள் என் அண்ணன் இறங்குவதை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். இடுப்பில் கயிறு, கையில் மண்வெட்டி. அடியில் படிந்த கசட்டை வெட்டி வாளியில் நிரப்பி மேலே அனுப்புவதுதான் அவர் வேலை. ஏறி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீராம்புரத்திலிருந்து சைக்கிளில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஃபிட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்களிடம் வந்த வேலை, அண்ணன் இறங்கும் அதே தொட்டிக்கு ஒரு கலக்கும் இயந்திரம். அடியில் விசிறி ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தால் கசடு படியாது. தண்ணீரோடு கலந்து குழாய் வழியே போய்விடும். ஆள் இறங்க வேண்டாம். முதலில் சிறிதாகச் செய்து பார்ப்பதற்காகத் தொட்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் கண்ணாடியில் கட்டினோம். விசிறியைப் பித்தளையில் அறுத்து அரத்தால் ராவியவன் நான். அவ்வளவு பக்தியோடு சாமிக்குக்கூட நான் எதுவும் செய்ததில்லை.

"உன் மிசினு வந்துட்டா எனக்கு இன்னாடா கெலசம்?" என்று தன் வேலையே போய்விடும் என்பதுபோல் அண்ணன் கேலி செய்வார்.

"கரை மேல நின்னு சுச்சு போடு."

"ஆபீசராட்டமா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கும்படி அண்ணியிடம் சொல்வார்.

சின்னத் தொட்டியில் எதைப் போட்டுக் கலக்குவது? அண்ணனிடம் சொன்னால் நிஜக் கசடே ஒரு வாளி கிடைக்கும் என்று பெரிய அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஆனால் கூடத்து மூலையில் சரஸ்வதி படம் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் பூப்போடுகிறவர்.

"அதெல்லாம் உள்ள வரப்படாதுப்பா. ஏரி மண்ணைக் கரைச்சு விடு. அடர்த்தி ஒண்ணா இருந்தா போதும்" என்றார்.

அல்சூர் ஏரியிலிருந்து மண் எடுத்து வந்து, வேரும் கல்லும் போக மெல்லிய துணியில் வடிகட்டினோம். அரைத்த சந்தனம் மாதிரி வந்தது. விசிறியைச் சுற்றவிட்டதும் அடியில் கிடந்த மண் எழும்பித் தொட்டி முழுவதும் பரவியது. வேகத்தைக் கூட்டினோம், குறைத்தோம். எந்த மூலையிலும் மிச்சமில்லை. அதிகாரி என் முதுகில் தட்டினார். அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன்.

பெரிய இயந்திரத்தைப் பொருத்திய அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, மோட்டாருக்குக் குங்குமம் வைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து அண்ணன்தான் சுவிட்சைப் போட்டார். நன்றாகத்தான் சுற்றியது. சில வாரம் கழித்து உறுமிவிட்டு நின்றது. ஊர்ப்பட்ட தலைமுடியும் கந்தலும் சணலும் திரித்த கயிறாக விசிறியை இறுக்கியிருந்தன. வடிகட்டிய ஏரி மண்ணில் முடி ஏது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அதைவிடக் கொடுமை, விசிறியை மேலே தூக்க ஒரு வழியும் நாங்கள் வைக்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் ஏதாவது சிக்கினால் முழங்கை வரை கையை விட்டு எடுத்துவிடுவோம். அதனால் யாருக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் கை போன இடத்துக்கு அங்கே அண்ணன் போக வேண்டியிருந்தது.

அந்தத் தொட்டிக்குள் வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கிக்கொண்டிருந்தவர் மாதாமாதம் இறங்க ஆரம்பித்தார். மண்வெட்டியோடு ஒரு கத்தியும் கொண்டுபோனார். புது விசிறிக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் கூடத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"டேய், உன் விசிறி ஓரம் கைய அறுக்குது. ராவறதுக்கு எதுனா குடேன்."

நான் அந்தப் பித்தளையைத் தீட்டிய கூர்மையிலேயே பெரியதையும் வார்த்திருந்தார்கள். அடுத்த தடவை இறங்கும்போது அவர் இடுப்பில் என் அரமும் இருந்தது.