சீனப் பல் வைத்தியரின் வருஷப்பிறப்பு

பலாங்கொடையிலிருந்த சீனப் பல் வைத்தியரை, அவருடைய வருஷப்பிறப்பன்று மிரட்டி என் பல்லைப் பிடுங்க வைத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது. அப்போது நான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், தலைமைக் குமாஸ்தா.

வீங்கிய கன்னத்தோடு காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கடை பூட்டியிருந்தது, கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பின்கட்டில்தான் அவர் குடும்பம் என்பது தெரியும். விடாமல் தட்டினேன். வைத்தியரே வெளியே வந்தார்.

"இன்னிக்கு எங்க வருஷம், ஐயா. இன்னிக்கு ஆயுதம் எடுக்க மாட்டோம், ரத்தம் பாக்கக் கூடாது. வலிக்கு மாத்திரை தர்றேன், நாளைக்கு வாங்க."

"அரசாங்கக் காலண்டர்ல உங்க வருஷம் எங்க இருக்கு? தொறக்காட்டி, நாளையிலேருந்து தோட்டத்து ஆளுங்க ஒருத்தரும் இங்க வர மாட்டாங்க. நான் சொன்னா கேப்பாங்க."

அவர் பிழைப்பே எங்கள் லயத்து வீடுகளிலிருந்த தொழிலாளர்களை நம்பித்தான் இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி சிங்களத்தில் "எபா, எபா" என்று தடுத்தார். வைத்தியர் கடையைத் திறந்து பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். பல் வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தைப்பொங்கலன்று ஆட்களை மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பப் பார்த்த தோட்டத்துத் துரையிடம், அது அரசாங்க லீவு என்று வாதாடி ஜெயித்திருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அது நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள் வருஷப்பிறப்பு என்றைக்கென்று விசாரித்து, பழங்களோடு போனேன். கடை திறந்திருந்தது. சிவப்புத் தாள் இல்லை.

"லீவு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். குரலில் கோபமில்லை. "சம்சாரம் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கொழும்புல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருச்சு. அங்க கொண்டாடுவாங்க."

அந்த நாளுக்கு அரசாங்க லீவு கேட்டு மனு எழுதி, இரத்தினபுரி கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்துக்கு, நானே கொண்டுபோனேன். வாங்கிய அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வீட்டுக்காக நாட்டையே மூடச் சொல்றீங்களா?"

அதற்கடுத்த வருஷம் அந்த நாளில் வைத்தியர் கடை வாசலில் நின்றேன். பல்வலியோடு வந்தவர்களிடம், இன்று வைத்தியருக்குப் பெருநாள், நாளை வாருங்கள் என்று சொல்லித் திருப்பினேன். இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த கிழவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே வந்தார்.

"ஐயா, மூடச் சொல்றதும் நீங்க, தொறக்கச் சொல்றதும் நீங்களா?"

என்னைத் தாண்டிப் போய், கிழவியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.