பேசக்கூடாத ஊரில் ஒரு தையல் மிஷின்

"அக்கா, எங்க ஊருக்கு நீங்களும் வர்றீங்களா?" என்று அவள் கேட்டபோது என் ஓவர்லாக் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள், யாரோடு, லீவு கிடைக்குமா, எதையும் கேட்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அந்தப் பீஸில் தையல் கோணலாகப் போய், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பனியன் கம்பெனியில் அவள் எங்கள் லைனில் எனக்கு அடுத்த மிஷின். நடு இந்தியாவில் காடும் மலையுமான ஒரு மாவட்டத்துப் பெண். திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டிலேயே கடைசி ரூமில் தோழிகளோடு தங்கியிருந்தாள். வந்த நான்கு வருஷத்தில் தமிழ் பிடிபட்டுவிட்டது, அதுவும் இந்த ஊர்த் தமிழ். என் அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்தவர்கள். இங்கேயே பிறந்தும் என் வாயில் ஒட்டாத 'ங்க' எல்லாம் அவளுக்குச் சரளமாக வரும். ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

அவள் ஊரில் ஏழு குடும்பங்கள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்தன. அவள் அம்மா வீடும் அதில் ஒன்று. அந்த மாதம் ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் அபராதம். கடையில் சாமான் கிடையாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. அவர்கள் கூடி ஜெபித்த மண் வீட்டின் ஓடுகளையும் இறக்கி எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா போனில் அழவில்லையாம். "ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் சபையின் ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில், "பெரியவளானதும் மிஷனெரி ஆவேன்" என்று எழுந்து நின்று சொன்னவள் நான். எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்கு வந்தேன். சபைச் சுவரில் இந்திய வரைபடம் ஒன்று தொங்கும். அதைப் பார்த்து மாதம் ஒரு நாள் வடக்கே நடக்கும் ஊழியத்துக்காக ஜெபிப்போம். அவள் மாவட்டம் அதில் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அங்கே நான் போகப் போகிறேன்! அந்த வாரம் முழுக்கச் சோறே இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். அவிநாசிபாளையம் பக்கம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். விஷயத்தைக் கேட்டதும் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏனம்மிணி, அங்க யாராச்சும் கைய வெச்சா கேக்கறதுக்கு ஆரிருக்கறா?"

"நீங்க வேண்டாம்னு சொன்னா போகல."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவர், "பொட்டில என்னென்ன வெக்கோணும் சொல்லு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இந்தியில் அச்சடித்த சுவிசேஷக் கைப்பிரதிகள் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். பெட்டி கட்டும்போது அவள் அதை எடுத்துக் கட்டிலில் தனியாக வைத்தாள்.

"இது வேண்டாங்க அக்கா. கையில இருந்தாலே மதம் மாத்த வந்தாங்கன்னு கேஸ் போட்டுருவாங்க. நீங்க திருப்பூருக்கு வந்துருவீங்க. எங்கம்மா அங்கயே இருக்கோணுங்க."

எனக்கு முகம் சுட்டது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"பின்ன எதத்தான் எடுத்துட்டு வர?"

"மிஷின் எடுத்துட்டு வாங்க. ஊரு டெய்லர் எங்காளுகளுக்குத் தைக்கறதில்லீங்க. கொழந்தைங்க கிழிஞ்ச யூனிபார்ம்லயே ஸ்கூலுக்குப் போறாங்க."

அந்த ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கையால் சுற்றுகிற பழைய தையல் மிஷின் ஒன்றை என் வீட்டுக்காரர் தேடிப் பிடித்து, எண்ணெய் போட்டு, பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தார். ரயிலில் அதை இரண்டு பேரும் மாறி மாறி மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு போனோம். தமிழ்நாட்டைத் தாண்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. கோதாவரிப் பாலத்தில் வண்டி போனபோது, "தண்ணியப் பாருடி! தண்ணியப் பாருடி!" என்று நான் கத்தியதில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

ரயில், பஸ், பிறகு மூன்று மைல் நடை. ஊருக்குள் நுழைந்ததும் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு மரத்தைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை ஒன்று அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தது. பின்னாலேயே வந்த தாய் அதன் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள். கடைக்காரர் எங்கள் தலை தெரிந்ததும் உள்ளே போனார். ஒரு கெட்ட வார்த்தை, ஒரு கல், எதுவும் வரவில்லை. நான் மிஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஊர்க் கடைசியில் அவள் அம்மா ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார். அடுத்து என்னையும் மிஷினோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அந்தக் கூரையில்லாத மண் வீட்டுக்குள். நான் துக்க வீட்டுக்குப் போகிற மனசோடு போனேன். அவர்களோ தாழ்ந்த குரலில் பாடி, பாட்டு முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வார்த்தை புரியாமலே நானும் கை தட்டினேன். பிறகு அவளைக் கேட்டேன்: "என்னடி சிரிப்பு?" "பெரியவரு ஒருத்தரு சுருதி தப்பிப் பாடிட்டாருங்க, எப்பவும் போல." வரைபடத்தைப் பார்த்து ஜெபித்த வருஷங்களில் இப்படி ஒரு பெரியவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவள் அம்மா வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் பலகையைப் போட்டு மிஷினை வைத்தோம். யூனிபார்ம்களை இரண்டே நாளில் முடித்தேன். செவ்வாய்க்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். ஊர்த்தலைவரின் மனைவி, மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது என்று என் தோழி என் காதில் சொன்னாள். தீர்ப்புச் சொன்னவரே அந்தத் தலைவர்தான். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. மகளுடைய நிச்சயதார்த்த ரவிக்கையை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். கையைத் தொட்டுக் காட்டி, மூச்சு முட்டுகிற மாதிரி முகத்தை வைத்தாள். ஊர் டெய்லர் தைத்ததில் கை இறுக்கம். எனக்குப் புரிந்துவிட்டது!

பேசக்கூடாது என்பதுதானே தீர்ப்பு. எனக்கோ அவர்கள் பாஷையே தெரியாது. மதியத்துக்குள் இன்னும் நான்கு பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். கழுத்து இறக்கு, இடுப்பைப் பிடி, கொக்கி மாற்று, எல்லாம் சைகையிலேயே நடந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் தைத்ததில்லை. கம்பெனியில் டார்கெட் துரத்தும்போதுகூட இல்லை.

மறுநாள் மோட்டார் பைக்கில் ஐந்து ஆண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் ஊர்த்தலைவர். நான் யார், எதற்கு வந்தேன், ஆட்களை மதம் மாற்றவா என்று கேட்டார். அவள் அதை எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னாள்; "தைக்க வந்தேன்னு சொல்லு" என்றேன். என் பையைக் கவிழ்த்தார்கள். நூல்கண்டு, சாக்பீஸ், இஞ்ச் டேப், கம்பெனி அடையாள அட்டை, கடைசியாக என் தமிழ் பைபிள். அவர் அதை எடுத்துப் புரட்டினார்.

"இது என்னன்னு கேக்கறாருங்க."

பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "என் பைபிள்னு சொல்லு. நான் தினம் வாசிக்கிறதுன்னு சொல்லு" என்றேன்.

அவர் அதை மிஷின் பலகை மேல் வைத்தார். எறியவில்லை. "நாளைக் காலையில இவ கிளம்பணும்" என்றார்.

அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி. எங்களைப் பார்க்காமல், தன் புருஷனை மட்டும் பார்த்து ஏதோ சொன்னாள். கூட வந்த ஆண்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்கள். நான் கிளம்ப வேண்டிய நாளை அவர் தள்ளிச் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று அவளை உலுக்கினேன்.

"ஒரு கைதான் பிரிச்சிருக்கு, இன்னொரு கை பாக்கி, பொண்ணு ஒத்தக் கை ரவிக்கையோட நிக்கறதான்னு கேட்டாங்க அக்கா!"

அன்று சாயந்திரம் அந்தப் பெண் தனக்கும் ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தாள். இந்த முறை வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். மிஷினை இங்கேயே விட்டுப் போவதாக நான் ஏற்கெனவே முடிவு செய்து, என் தோழியின் அம்மாவுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தேன். அதனால் இஞ்ச் டேப்பை அவர் கையில் கொடுத்தேன். அம்மா அளவெடுக்கக் கையைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார். இருவரும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்களாம். நெருக்கத்தில் ஒருத்தி மூச்சு இன்னொருத்தி மேல் படுகிறது. தலைவரின் மனைவி மெல்ல ஏதோ சொன்னாள். அம்மாவின் கையிலிருந்து டேப் நழுவியது.

என் தோழி குனிந்து டேப்பை எடுத்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். "'நீ ஏன் இப்படி எளச்சுப் போயிட்டே'ன்னு கேட்டாங்க அக்கா."

இரண்டு பெண்களும் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். முதலில் கிசுகிசுப்பாக, பிறகு சாதாரணமாக, பிறகு சத்தமாகவே! நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கண்ணீரில் ஊசி தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீர்ப்பை யாரும் திரும்பப் பெறவில்லை. ஓடுகளும் திரும்பி வரவில்லை. ஏழில் இரண்டு குடும்பங்கள் பயந்து ஆராதனையை விட்டு விலகிவிட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசியதற்காக அதன் பிறகு யாருக்கும் அபராதம் போடவில்லை. போட்டால் தலைவர் வீட்டிலிருந்துதானே தொடங்க வேண்டும்? கடையில் உப்பும் எண்ணெயும் கொடுக்கிறார்கள். கிணற்றில் அவள் அம்மா மதியம் யாரும் இல்லாத நேரத்தில் குடத்தை இறக்குகிறார். பார்த்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லையாம்.

திரும்பி வந்த ஞாயிறு சபையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல என்னை எழுப்பினார்கள். ரவிக்கைக் கையைப் பற்றித்தான் சொன்னேன். எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. முடித்ததும் சபை மூப்பர் ஒருவர் கேட்டார்: "இயேசுவை ஏத்துக்கிட்டு எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாங்கம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லைய்யா. இருபத்திரண்டு ரவிக்கை தச்சேன்" என்றேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"ஏனுங்க, அந்த ஊர்ல சேலை ஓரத்துக்குப் பீக்கோ அடிக்க ஆளிருக்குதுங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

"எனக்குப் பீக்கோ தெரியுமுங்க!" என்றார் அவர், ஏறக்குறையக் கத்தியே.