மருதமரத்தில் தொங்கிய போன்

கடந்த வாரம் நான் ஒரு மருதமரத்துக்குப் போன் எடுத்தேன். மணி போனது. மரம் பதில் சொல்லவில்லை.

எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். விஷயம் என் அத்தானுடையது. அக்காவின் கணவர். ஸ்கந்தபுரத்தில் நெல் விதைக்கிறார். நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி. காதில் விழும் கதையை மெல்லாமல் விழுங்கிவிடுவார், அது ஒன்றுதான் குறை. இந்தப் போகம் அவர் விழுங்கியது, கைத்தொலைபேசிக் கதிர்வீச்சு.

யாரோ வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் — டொக்டரா, நடிகரா, கடவுளுக்கே வெளிச்சம் — சட்டைப்பையில் போன் வைத்தால் இதயம் கெடும், காதில் வைத்தால் மூளை வேகும் என்று முழங்குகிறார். பின்னணியில் பேய்ப்பட இசை வேறு. அத்தான் அதைப் பார்த்தது எதில்? போனில்தான். மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். படுக்கப் போகுமுன் போன்கள் எல்லாம் குசினிக்குள், மூடி போட்ட அலுமினியப் பானைக்குள் போய்விட வேண்டும். கதைப்பதென்றால் ஸ்பீக்கரில் மட்டும், கையை நீட்டிப் பிடித்தபடி. கொழும்பில் இருக்கும் மகள் தன் மாமியாரைப் பற்றி அக்காவிடம் சொல்லும் இரகசியமெல்லாம் இப்போது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்றே புத்திமதி சொல்கிறாளாம்.

வயலுக்குப் போனால், போனை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாய்க்கால் கரை மருதமரத்தில் கட்டிவிடுவார். அதன்பிறகுதான் வயலுக்குள் இறங்குவார்.

இறங்கும்போது முதுகில் என்ன இருக்கும் தெரியுமா? மருந்தடிக்கிற மெசின். அது நிறையப் பூச்சிகொல்லி. மேலில் ஒரு பழைய பெனியன். கையுறை கிடையாது. முகத்துக்கு ஒரு துணிகூடக் கிடையாது. மூடி இறுகாமல் ஒழுகி முதுகு நனையும். குழாயின் நுனி அடைத்துக்கொண்டால் கழற்றி, வாயில் வைத்து ஊதி... திரும்பவும் பூட்டுவார். அவர் மட்டுமா? எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அத்தான், போனைக் கொண்டுபோய் மரத்தில கட்டுறியள். முதுகில ஒழுகுறது என்ன?"

"உது பழகின சாமான் மச்சாள். அப்பான்ர காலத்திலயிருந்து அடிக்கிறம்."

"போத்தலில மண்டையோடு போட்டுக் கிடக்கு."

"ஓம், கிடக்குத்தான். அது கண்ணுக்குத் தெரியுது, கவனமா இருக்கலாம். கதிர் கண்ணுக்குத் தெரியுதோ? அதுதான் ஆபத்து."

சொல்லித்தான் பார்த்தேன். போனிலிருந்து வருவது மிகவும் பலம் குறைந்த அலை. எக்ஸ்ரே மாதிரி உடம்புக்குள் புகுந்து உடைக்கிற சாதியல்ல. எத்தனையோ வருடங்களாக ஆராய்கிறார்கள். பாவிக்கிறவர்களுக்கு அதனால் நோய் வருகிறது என்று இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. பயமாக இருந்தால் ஸ்பீக்கரில் கதையுங்கள், கதையைக் குறையுங்கள், அவ்வளவுதான் என்றேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அந்த வீடியோவை எனக்கு அனுப்பி வைத்தார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? பரந்தன் சந்தியில் போய் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போகிறவர்களில் பாதிப்பேர், ஊருக்குள் போன் கோபுரம் கட்ட வந்தால் கதிர்வீச்சு என்று சண்டைக்கு நிற்பார்கள். லொறியில் கதிர் இல்லை அல்லவா...

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வரச் சொல்லியிருந்தாள். கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தேன். சோறு கறி எல்லாம் மேசையில். அத்தானைக் காணவில்லை.

"பயிரில அறக்கொட்டிப் பூச்சி விழுந்திட்டுது எண்டு விடியவே மருந்தடிக்கப் போனவர். இவ்வளவு நேரம் நிக்கிறேல்லை," என்றாள் அக்கா.

நான் போனை எடுத்தேன்.

"அடிச்சுப் பார். மரந்தான் கேட்டுக்கொண்டு நிக்கும்."

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தேன். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்கும் ஒருக்காப் போய்ப் பாப்பம், வா," என்று செருப்பைத் தேடினாள்.

வயல் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது மருதமரத்தில் பை ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, வரம்பில், முதுகில் மெசினோடு அத்தான் சரிந்து கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். வாயால் நீர் வடிந்தது. உடம்பெல்லாம் வியர்வை. அக்கா அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

அத்தான் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். எப்படியோ அம்புலன்சுக்கு அடித்தேன். மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை. பதறாத குரல்.

"போனை வையாதேங்கோ. மெசினைக் கழற்றுங்கோ. உடுப்பையும் கழற்றித் தண்ணியால நல்லாக் கழுவுங்கோ. கையில பொலித்தீன் ஏதும் இருந்தால் சுத்திக்கொண்டு செய்யுங்கோ. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கோ. மூச்சு வருதோ?"

பொலித்தீன் இருந்தது. மரத்தில். போனை உதறி விழுத்திவிட்டு அக்கா அந்தப் பையைக் கையில் சுற்றிக்கொண்டாள். நான் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிள்ளை லைனில்தான் இருந்தாள். என் காது சுட்டது. சுடட்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் ஊசி. தோலாலும் வாயாலும் நஞ்சு இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். இந்த டொக்டர் உண்மையான டொக்டர். பின்னணி இசை இல்லை.

கண் விழித்த பிறகு அத்தான் அக்காவிடம் ஒரு விஷயம் சொன்னார். தலை சுற்றி விழுந்து கிடந்தபோது மரத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்டதாம். எழும்பிப் போகக் காலில் சத்து இல்லையாம். நான் அடித்துக்கொண்டிருக்க, அவர் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார்.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். அடுத்த நாள் பார்க்கப் போனபோது என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினார். ஏதோ கடைசி ஆசைபோல என்று குனிந்தேன்.

"மச்சாள், பக்கத்துக் கட்டில்காரர் தலையணைக்குக் கீழ போனை வச்சுக்கொண்டு படுக்கிறார். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி விடுங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் மூக்கில் குழாய் இல்லாதிருந்தால் நன்றாக ஏசியிருப்பேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான் எங்க?"

"வயலுக்குப் போயிட்டார்."

"மெசினோடயோ?"

"சும்மா பாக்க. மெசினை நான் கொட்டிலுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டன். இனிக் கூலிக்கு ஆள் பிடிச்சு அடிப்பிக்கிறாராம். வாற ஆளுக்கு மட்டும் அது பன்னீரோ எண்டு கேட்டன். கையுறையும் முகமூடியும் வாங்கி வச்சிட்டுத்தான் ஆரெண்டாலும் கொட்டில் திறப்புக் கேட்டு வரலாம்."

"அப்ப போன்? மரத்திலயோ?"

"சட்டைப்பையில. கழற்றேலாமல் பை வாயில ஊசி குத்தி விட்டிருக்கிறன். அடிச்சுப் பார்."

அடித்தேன். இரண்டாம் மணிக்கே பதில் வந்தது. துணிக்குள்ளிருந்து வருகிற குரல்.

"சொல்லுங்கோ மச்சாள். கெதியாச் சொல்லுங்கோ... இது நெஞ்சுக்குப் பக்கத்தில கிடக்கு."

சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வேண்டுமென்றே நெடுநேரம் கதைத்தேன்.