மைக்ரோஸ்கோப்புக்கு ஆள் உண்டு, மேஜைக்கு?

உப்பலில் இரண்டு ஷெட். தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகளுக்கு கேட். அமீர்பேட்டில் ஆறு ஹாஸ்டல்களுக்கு இரும்புப் படிக்கட்டு. கோயம்புத்தூரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாமல் இங்கே வந்து, வாடகை வெல்டிங் மெஷினில் ஆரம்பித்துச் செய்தது இத்தனையும். வாரா வாரம் இந்தப் பத்தியில் இதையே சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்கிறீர்களா? செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

போன மாதம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கேட் கழன்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். சயின்ஸ் ரூம் பீரோவின் மேல் ஐந்து புது அட்டைப் பெட்டிகள்... பிரிக்காமல்.

"ஏனுங் டீச்சர், பொட்டி மேல தூசியே ஏறீருச்சு. உள்ள என்னங்க?"

ஸ்டெல்லா டீச்சர் மூன்று தலைமுறையாக செகந்திராபாத். தமிழில் ஊர் பாஷை கலந்துதான் வரும்.

"மைக்ரோஸ்கோப் அங்கிள். ஆன்லைன்ல கிரவுட்ஃபண்டிங் பேஜ் போட்டேன். ரெண்டே நாள்ல ஃபுல்! கூடவே டேபிளும் கேட்டேன். அதை மட்டும் எல்லாரும் நக்கோ, வேணாம்ன்ட்டாங்க."

"பெஞ்சு மேல வெச்சுப் பாக்கறதுதானுங்க?"

"பாத்தேனே! ஒரு முழங்கை பட்டாப் போதும், பெஞ்சே டான்ஸ் ஆடுது. மாசக் கடைசிக்குள்ள பசங்க யூஸ் பண்ற போட்டோ ஏத்தணும் அங்கிள். இல்லன்னா பேஜை மூடிடுவாங்க. அப்புறம் என் க்ளாஸுக்கு எதுவுமே கேக்க முடியாது."

"சும்மா நிக்க வெச்சு ஒரு போட்டோ புடிச்சுப் போடுங்க."

"பசங்க முன்னாடியே பொய் போட்டோவா? அது என்னால ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது.

கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனசு வேண்டும். ஆனால் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் என்ன வாங்கிப் போகிறோம்? சுவர்க் கடிகாரம். யாராவது துடைப்பம் வாங்கிப் போனதுண்டா? அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுக்காரி தேடுவது எதை?

டேப்பை எடுத்து அளந்தேன். நாலே நாளில் ஐந்து மேஜை. ஆங்கிள் இரும்பில் கால், குறுக்கே பட்டை, தரையோடு சேர்த்து போல்ட். யானை சாய்ந்தாலும் அசையாது.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பெட்டிகளைப் பிரித்தார்கள். வெங்காயத் தோலை உரித்து வைத்து, முதலில் ஒரு பெண் பிள்ளை குனிந்தாள்.

"டீச்சர்! கோட லாகா உந்தி!"

சுவர் மாதிரி இருக்கிறதாம். வரிசை தள்ளுமுள்ளு ஆனது. "அங்கிள், நீங்களும் வாங்க" என்றார் டீச்சர். பார்த்தேன். செங்கல் அடுக்கிய மாதிரி கட்டம் கட்டமாக... அறுபத்தெட்டு வயதில் முதல் முறை. என்னைச் சுற்றி பத்துப் பிள்ளைகள் முட்டி மோதுகிறார்கள் — கட்டம் ஒன்றுகூட அசையவில்லை.

போட்டோ ஏறியது. பேஜ் பிழைத்தது. இப்போது கெமிஸ்ட்ரிக்குக் கேட்டிருக்கிறார். நீங்களும் பார்த்துச் செய்யுங்கள்.

போட்டோவை நானும் பார்த்தேன். மைக்ரோஸ்கோப் பளபளக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மேஜை? அழகுக்கென்று மேலே துணி விரித்து மூடியிருக்கிறார்கள்! கீழே நன்றிப் பட்டியல். அதில் கொடுத்தவர் எல்லோர் பெயரும் உண்டு, ஒருவனைத் தவிர.

ஸ்டெல்லா டீச்சர், ஒரே ஒரு வரி சேருங்கள்: 'மேஜை — ஆ. பழனிச்சாமி, உப்பல்.' இனிஷியலை விட்டுவிடாதீர்கள். உப்பலில் இன்னொரு பழனிச்சாமி இருக்கிறார்... அவர் செய்கிற மேஜை ஆடும்.