அண்ணாவின் முகத்துக்கு ஒரு கமரா

அந்த இரண்டு கமராக்களையும் நான் முதலில் பார்த்தது அண்ணியின் போனில். திரையின் மேல் மூலையில் வெடிப்பு விட்ட பழைய போன். அந்த வெடிப்புக்குக் கீழே, ஒரே படத்தில், இரண்டு கறுத்தக் கமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாரிசில் இருக்கும் அண்ணியின் தம்பி அனுப்பியிருந்தான். விடுமுறைக்கு வரும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறேன், எது நல்லதென்று கடைக்கார மச்சானிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தான். கடைக்கார மச்சான் நான்தான். மல்லாவியில் போட்டோக் கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம் என்று ஒரு சின்னக் கொம்யூனிகேஷன் நடத்துகிறவன். அண்ணி மாப்பிள்ளைப் படம் பார்ப்பதுபோலப் போனைக் கிட்டப் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்றார். ஒரே நிறச் சேலையில் இருபது வித்தியாசம் கண்டுபிடிக்கிற உங்களுக்கா இது தெரியவில்லை என்று நான் பகிடி விட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இதிலை எது தம்பி அவரை வடிவாக் காட்டும்?”

அவர் என்று அண்ணி சொன்னது என் அண்ணாவை. கடைசிச் சண்டைக் காலத்தில் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. கலியாண அல்பம், அடையாள அட்டை எல்லாம் ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. மிஞ்சியது ஒரே ஒரு படம். ஒட்டுசுட்டானுக்கு வயல் உழப் போன நாளில் யாரோ எடுத்தது. தபாலட்டை அளவு. டிராக்டரின் மட்காட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்பார். சண்டையின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் களப்புத் தண்ணீரைக் கடந்தபோது அண்ணி அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். வவுனியா முகாமில் கூடாரக் கயிற்றில் காயப்போட்டு, காற்றில் பறந்துவிடுமென்று கீழே பாயில் உட்கார்ந்து காவல் இருந்தார். அந்த நாட்களில் அவர் சாப்பாட்டு வரிசைக்குப் போகும்போது அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் படத்தைக் கெடுத்தவன் நான். ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்டபோது நான் முதலில் வாங்கியது லமினேற்றிங் மெஷின். அப்போது வன்னியில் அதைப்போல ஓடிய தொழில் வேறில்லை. பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, முகாமில் தந்த பதிவுத் துண்டு, மரணச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் சனம் பிளாஸ்ரிக்குக்குள் போட்டது. எத்தனையோ தரம் ஓடி, எத்தனையோ தரம் நனைந்த சனம். இனிமேல் ஒரு கடதாசியையும் மழைக்குக் கொடுப்பதில்லை என்ற வைராக்கியம் எல்லோருக்கும் இருந்தது. கடை திறந்த அன்று, யாருடைய வேலைக்கும் முதல், அண்ணாவின் படத்தை வாங்கி மெஷினுக்குள் விட்டேன். சூடாக வெளியே வந்ததைத் துணியால் துடைத்து அண்ணியின் கையில் கொடுத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இனி உலகம் அழிந்தாலும் இது அழியாது என்று சொன்னேன். வட்டுவாகல் தண்ணீரின் ஈரம் படத்துக்குள் இன்னும் இருந்தது எனக்குத் தெரியாது. ஈரத்தோடு வைத்து நான்கு பக்கமும் அடைத்துவிட்டேன்.

பூஞ்சணம் ஓரத்திலிருந்துதான் தொடங்கியது. முதல் சில வருடம் தேமல்போல ஒரு மங்கல். காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரோடு அண்ணி வீதியோரக் கொட்டகையில் போய் உட்காரத் தொடங்கிய பிறகு, வெயிலும் சேர்ந்து படத்தை வெளிற வைத்தது. பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களில் அண்ணியின் கையில் வெள்ளையாக மின்னுகிற ஒரு தகடுதான் தெரியும். அலுவலகங்களுக்குக் கொடுக்க நான் எடுத்த போட்டோக் கொப்பிகளில் அண்ணாவின் தலை ஒரு கறுத்தக் குண்டு. ஸ்கானர் வாங்கிய பிறகு வைத்துப் பார்த்தேன். குமிழி விட்ட பிளாஸ்ரிக்கில் வெளிச்சம் பட்டு முகத்துக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டி விழுந்தது. பிறகு என் புதுப் போனால் எடுத்தேன். அது தன் பாட்டில் முகத்தைத் துப்புரவாக்கி, தோலை மினுக்கி, மங்கலாக இருந்த இடத்தையெல்லாம் நிரப்பி, யாரோ ஒரு வடிவான இளந்தாரியைக் காட்டியது. அண்ணி வெகுநேரம் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனால் இது அவர் இல்லை, அழித்துவிடுங்கள் என்றார். நான் அழித்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் கமராக்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் கமராவிலேயே, ஒளியை வாங்கும் சென்சர் பெரிதாக இருந்தால், இருளுக்குள் கிடக்கும் மெல்லிய சாயலைக்கூட உள்ளது உள்ளபடி எடுக்குமாம். இல்லாததைத் தானாகக் கீறிச் சேர்க்காதாம். பாரிஸ்காரன் அனுப்பிய இரண்டும் அப்படிப்பட்டவை. ஒன்றில் லென்ஸ் அசையாது, சூம் கிடையாது. பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் காலால் நடந்து கிட்டப் போகவேண்டும். ஆனால் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயும் போய்க் கூர்மையாக எடுக்கும். மற்றதில் சூம் உண்டு. சென்சர் அதைவிட ஒரு பிடி சின்னது. மிகவும் கிட்டப் போனால் ஓரங்கள் கொஞ்சம் வளையும், கூர்மையும் குறையும். இதை நான் அண்ணிக்கு விளங்கப்படுத்தினேன். அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

“கிட்டப் போய்த்தான் எடுக்கோணுமெண்டா அதையே சொல்லுங்கோ தம்பி. தூர நிண்டு எடுத்த ஆக்கள் கனபேர்.”

அன்றே அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொல்லவில்லை. என் மனம் மற்றதில் கிடந்தது. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு வீடு என்று போனால் மணவறைக்குப் பத்தடி தள்ளி நின்று பொம்பிளையின் கண்ணை எடுக்கலாம். பாஸ்போட் படத்தோடு முடங்கிப்போன கடைக்கு அது ஒரு விடிவு. இதை அண்ணியிடம் வெளியே சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் ஆராயவேண்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் இருந்து, இரண்டு கமராக்களையும் ஒப்பிட்டு யார் யாரோ வெளிநாட்டில் பேசும் வீடியோக்களைப் பார்த்தேன். அவர்கள் பூவை எடுத்தார்கள், பூனையை எடுத்தார்கள், மழையில் நனைந்த தெருவை எடுத்தார்கள். லமினேற் பண்ணின படத்துக்குள் பூஞ்சணம் தின்னும் ஒரு முகத்தை எந்தக் கமரா எடுக்குமென்று ஒருவரும் சொல்லவில்லை. புது மொடல் வரப்போகிறதாம், பொறுங்கள் என்று பாரிசுக்கு எழுதினேன். அந்த முறை அவன் சொக்லேற்றும் சப்பாத்தும் கொண்டுவந்தான். கமரா வரவில்லை. அண்ணி சொக்லேற்றை அயல் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார், கமராப் பேச்சு வராதது எனக்கும் வசதியாகப் போயிற்று.

அந்த மாரியில் மழை விடவேயில்லை. தை பிறந்தபோது பூஞ்சணம் அண்ணாவின் காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்திருந்தது. கண்ணும் மூக்கும் மீசையின் ஒரு பாதியும் மிச்சம். அப்போதுதான் பயந்து ஒரு முடிவு எடுத்தேன். பயத்திலும் என் புத்தி மாறவில்லை, சூம் உள்ளதையே அனுப்பச் சொல்லிப் பாரிசுக்கு எழுதினேன். எதைச் சொன்னீர்கள் என்று அண்ணி கேட்டபோது உண்மையைச் சொன்னேன். முகம் தெளிவாக வருமோ என்று அவர் ஒரு தரம் கேட்டார், பிறகும் ஒரு தரம் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பிழை பிடிபட்டவனின் கோபம் அது. கமராவில் ஒரு குறையும் இல்லை, மேலே இருக்கிற பிளாஸ்ரிக்தான் கரைச்சல், அது இல்லையென்றால் கண்ணாடிபோல வரும் என்று சொன்னேன். அந்த ஒரு வசனத்தை நான் விழுங்கியிருக்கலாம்.

கமரா வந்து சேர்ந்த மறுநாள் முற்பகல் அண்ணி கடைக்கு வந்தார். முழுகி, ஈரத் தலையைப் பின்னி, கோயிலுக்குக் கட்டும் ஊதாச் சேலை கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஸ்ரூடியோவுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். பிள்ளைகளைத் தோயவார்த்து, முகத்துக்குப் பவுடர் பூசி, தலையை வழித்து இழுத்துத்தான் கமராவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். அண்ணி அண்ணாவையும் அப்படி ஆயத்தம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் நடுப்பக்கத்தைத் திறந்தார். பிளேட்டால் நான்கு ஓரமும் வெட்டி, சோற்றுப் பானையின் ஆவியில் பிடித்து, அவர் பிளாஸ்ரிக்கை உரித்திருந்தார். கடதாசியில் டிராக்டரின் சில்லும் அண்ணாவின் கால்களும் அப்படியே இருந்தன. நெஞ்சுக்கு மேலே வெறும் வெள்ளை. உரித்த பிளாஸ்ரிக்கின் உட்பக்கத்தில் படத்திலிருந்து பெயர்ந்து, பழுப்பாக, துண்டு துண்டாக, என்னவென்று சொல்லமுடியாத ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலை நிமிரவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“கமரா நல்லதெண்டுதானே சொன்னனீங்கள். எடுத்துப் பாருங்கோ.”

எடுத்தேன். யன்னலோரம் வைத்து, மேசையில் வைத்து, பிளாஸ்ரிக்கை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். அருமையான கமரா, அதில் பொய் இல்லை. கடதாசியின் நார் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த அண்ணியின் விரல் ரேகை எண்ணக்கூடியதாக இருந்தது. கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினேன். அண்ணி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கடைசிப் படம்வரை பார்த்தார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் அவர் தேற்றியிருப்பார், அதோடு எனக்கு ஏதோ குறைந்திருக்கும். அவர் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு விஷயம் ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“தம்பி, அவருக்கு நாடியிலை ஒரு மச்சம் இருந்ததெல்லே. அது எந்தப் பக்கம்?”

இடப்பக்கம் என்று உடனே சொல்லிவிட்டேன். உடன்பிறந்தவன் யோசித்துச் சொல்லக்கூடாது என்று நினைத்துச் சொன்னது. அண்ணி தான் வலப்பக்கம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்ததாகச் சொன்னார். நான் கண்ணை மூடி அண்ணாவை நினைத்துப் பார்த்தேன். அவரோடு ஒரே பாயில் படுத்தவன், ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன். அவர் வரவில்லை. டிராக்டரும் மட்காட்டும் வெயிலும் வந்தன. இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அண்ணாவை அல்ல, அந்தப் படத்தை. அந்தப் படத்தில் மச்சம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா இப்போது இல்லை. அண்ணியின் தம்பி கலியாணத்துக்கு முதலே பிரான்சுக்குப் போனவன், அண்ணாவை நேரில் கண்டதில்லை. கேட்பதற்கு வேறு ஒருவரும் கிடையாது. அந்தக் கமராவோடு நான் கிழமைக்கு ஒரு கலியாண வீட்டுக்காவது போகிறேன், பத்தடி தள்ளி நின்று எடுக்கிறேன், நல்ல பெயர். அண்ணி வெறுங்கையோடு கொட்டகைக்குப் போய்வருகிறார். போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பவும் ஒரு படிவம் வந்தது. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் அண்ணி நாடியில் மச்சம் என்று எழுதச் சொன்னார், எழுதினேன். எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.