நடக்காத கொன்சேட்டின் ரீசேட்

ஈரம் காயாத மையின் மணம் முதலில் மூக்கில் ஏறும். பிறகுதான் கண்ணெரிச்சல்.

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு பேஸ்மென்ட். நானும் சிவமும் அங்கே வாடகைக்கு இருந்தோம். குளிர்காலத்தில் பருத்தித்துணி ரீசேட்டில் அச்சடித்த மை லேசில் காயாது. வீட்டுக்கார அன்ரியின் ஹெயார் டிரையரை இரவல் வாங்கி ஒவ்வொன்றாகக் காய வைப்போம். அந்தச் சூட்டில் மணம் இன்னும் கூடும்... சோற்றிலும் அதே மணம்தான்.

ஒளிக்க என்ன இருக்கிறது? அவை பாட்டுக்காரரிடம் கேட்காமல் அடித்த கள்ள ரீசேட்டுகள். கொன்சேட் நடக்கிற மண்டபத்துக்கு வெளியே, வரிசையில் நிற்பவர்களிடம் விற்போம். முன்பக்கம் பாடுகிற பாண்டின் பெயர். பின்பக்கம் அவர்கள் அந்த முறை போகிற ஊர்களின் பட்டியல், தேதியோடு. சனம் வாங்குவதே அந்தப் பட்டியலுக்காகத்தான். இன்று பிக்கரிங்கில் உடுப்பு மொத்த வியாபாரம், சொந்தக் கிடங்கு என்று நிற்கிறேன் என்றால், தொடக்கம் அதுதான்.

எனக்கு எல்லாப் பாண்டும் ஒன்று. சிவத்துக்கு அப்படியில்லை. வேல்ஸ் நாட்டு ரொக் பாண்ட் ஒன்றில் அவனுக்குப் பைத்தியம். ஒருமுறை நான் அவர்களை இங்கிலீஸ்காரர் என்று சொல்லிவிட்டேன்.

"இங்கிலீஸ்காரர் எண்டு சொல்லாத. அவங்கள் வேல்ஸ்காரர். அவங்களுக்கெண்டு தனிப் பாசை இருக்கு. பாடுறது இங்கிலீசிலதான்... ஆனா கடைசிப் பாட்டுக்கு முன்னம் பாட்டுக்காரன் தன்ர பாசையில ரெண்டு வரி சொல்லுவான். எந்த ஊருக்குப் போனாலும் சொல்லுவான்."

கொன்சேட்டில் பதிந்த கசெட் ஒன்றில் அதைக் கேட்டிருக்கிறான். நேரில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

முதல்முறை அந்தப் பாண்ட் ரொறன்ரோவுக்கு வந்தபோது, ஒரு பாருக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபம். அடுத்தமுறை, ஒரு பெரிய அமெரிக்கப் பாண்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம். இரண்டு தரமும் நாங்கள் வெளியே. வரிசை உள்ளே போனதும் சிவம் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். ட்ரம் அடி மட்டும் செங்கல்லைத் தாண்டி வரும். அதை வைத்தே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவான். ஓரிடத்தில் எல்லாம் நிற்கும். "இப்ப சொல்லுறான்" என்பான். பேச்சு சுவரைத் தாண்டி வராது.

தான் ஒருக்கால் உள்ளே போகட்டுமா என்று கேட்பான். கூட்டம் வெளியே வரும்போதுதான் வியாபாரம். தனி ஆளாய்ச் சமாளிக்க ஏலாது. அடுத்தமுறை பார்ப்போம் என்பேன்.

மூன்றாவது முறை சரி என்றேன். அவன் உள்ளே போக ரிக்கற் எடுத்தான். பத்திரிகையில் வந்த பட்டியலைப் பார்த்து, இரண்டு கிழமைக்கு முன்னமே ரீசேட்டும் அடித்து முடித்தோம். கடைசி வரி, ரொறன்ரோ.

பின்னேரம் நாலு மணி. ஏரிப் பக்கத்துக் காற்று காதை அறுத்தது. வரிசை தெருமூலை திரும்பி நின்றது. மண்டபத்துப் பெண் ஒருத்தி வந்து கதவில் ஒரு தாளை ஒட்டினாள். பாட்டுக்காரனுக்குத் தொண்டை போய்விட்டது. கொன்சேட் இல்லை.

அத்தனை ரீசேட்டும் குப்பை என்று நினைத்தேன். அப்போது ஒரு வெள்ளைக்காரன் வந்து பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தான். நடக்காத கொன்சேட்டின் தேதி! இரண்டு தா என்றான். பிறகு எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் பைகள் வெறுமை. நான் சிரித்தபடி சிவத்தைத் தேடினேன். அவன் பக்கச் சுவரடியில் ரிக்கற்றோடு நின்றான்.

"நீ சந்தோசப்படுறாய் என்ன?" என்றான்.

கோபம்கூட இல்லை. வெறும் கேள்வி.

ரிக்கற்றைக் கொடுத்துக் காசைத் திருப்பி வாங்கு என்றேன். வாங்கவில்லை. "வருவாங்கள்தானே" என்றான்.

வந்தார்கள்... பல வருடம் கழித்து. அதற்குள் எனக்குக் கடை இருந்தது. சிவம் அஜக்ஸில் வீடு வாங்கி, என் கடையிலேயே வேலை செய்துகொண்டிருந்தான். அவர்கள் வந்த அந்தச் சனிக்கிழமை கடையில் பெரிய சேல். அவன் அரைநாள் லீவு கேட்டான். நான் தலை நிமிராமல், "அடுத்தமுறை பாப்பம், சிவம்" என்றேன்.

"ஓம்" என்றான். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. அந்தப் பயணம் முடிந்து பாண்டும் பிரிந்துவிட்டது.

உங்களில் சிலர் சிவத்தின் செத்தவீட்டுக்கு வந்திருந்தீர்கள். போன வின்ரரில் மாரடைப்பு.

இந்த வருடம் அந்தப் பாண்ட் மறுபடி சேர்ந்து வந்தது. சிவத்தின் மகள் அபியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கோட்டைக் கழற்றினாள். உள்ளே நாங்கள் அடித்த அந்த ரீசேட். அப்பாவின் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்ததாம். அதற்குள் அந்த ரிக்கற், வாசலில் கிழிபடாமல் அப்படியே.

வாசலில் நின்ற பெண்ணிடம் அபி அந்தப் பழைய ரிக்கற்றை நீட்டி, இதையும் ஒருக்கால் கிழித்துத் தர முடியுமா என்று இங்கிலீசில் கேட்டாள். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது எல்லாம் போனில் ஸ்கான்தானே... யார் ரிக்கற் கிழிக்கிறார்கள்? அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நல்ல சீற். மேடை கைக்கெட்டும் தூரம். பாட்டுக்காரனுக்குத் தலை முழுக்க நரை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ட்ரம் நின்றது. அவன் மைக்கைப் பிடித்து இரண்டு வரி சொன்னான்.

"அங்கிள், அது என்ன லாங்குவேஜ்? என்ன சொன்னவர்?"

"வேல்ஸ் பாசை, பிள்ளை. கொப்பாவைத்தான் கேக்க வேணும்..."

அந்தக் காலத்தில் வெளியே நின்று, சுவரில் கை வைத்தே அவன் பாட்டைச் சொன்னான். இன்று முன்வரிசையில் இருந்து எல்லாம் கேட்டும் எனக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது.

கூட்டத்தோடு படி இறங்கினோம். அபி எனக்கு முன்னால் போனாள். அவள் முதுகில் நாங்கள் அடித்த பட்டியல். கடைசி வரி, ரொறன்ரோ.

அவன் ஒருநாளும் போடாத ரீசேட்... மை வெளிறவேயில்லை.